காற்றும் முள்ளும்

எழுத்தாளன் என்றால் அவனுக்கு உலகத்தில் உள்ள சகல விஷயங்களும் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். என் வீட்டில் அப்படி யாரும் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் சமையல் செய்ய வரும் அம்மாளுக்கு மட்டும் அந்த நம்பிக்கை இருந்தது. ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க சார், இன்னிக்கும் பஞ்சர். நீங்கதான் இத்தனை புஸ்தகம் படிக்கிறீங்களே, பஞ்சரே ஆகாத டயர் ஒண்ணு இருக்காமே, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

கதை எழுதுகிறவனிடம் கதாநாயகியின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பார்கள். வில்லனின் முடிவைப் பற்றிக் கேட்பார்கள். டயரைப் பற்றி என்னை ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டோடு முடித்துக்கொண்டவன். பௌதிகம் எனக்கு எப்போதும் கசப்பு. ஆனாலும் கேட்டவரின் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கிறேன் அம்மா" என்றேன். பார்த்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அந்த அம்மாள் வேளச்சேரிக்காரர் அல்லர். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். 2015-ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் குடி மாற்றினார்களே, அவற்றில் அவருடைய குடும்பமும் ஒன்று. வீடு மாறியது, பிழைப்பு மாறவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்குப் பத்துக் கிலோமீட்டர் போல இருக்கும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகலாம் என்பது வாஸ்தவம். ஆனால் காலை ஆறு மணிக்கு ஒரு வீட்டில் காப்பி இறக்கி, எட்டு மணிக்கு இன்னொரு வீட்டில் குழம்பு கொதிக்க வைக்க வேண்டியவருக்கு, ஒரு பேருந்து தவறினால் அன்றைய கணக்கே தவறிப்போகும். ஆகையால் அவர் தவணையில் ஒரு மின்சார சைக்கிள் வாங்கினார். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் நம் நாட்டுச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பலகை வேண்டாம். பெட்ரோல் செலவும் கிடையாது. எல்லாம் சௌகரியம்தான். பின் சக்கரத்தின் டியூப் ஒன்றுதான் சத்துருவாக வந்து வாய்த்தது. அந்த மாதத்தில் மட்டும் மூன்று பஞ்சர்.

முதல் காரியமாக, தரமணிக்குப் போகிற சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் பெரியவரிடம் போனேன். பழைய டயர்கள் நாலைந்து தொங்க, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்ப், ஒரு மரப்பெட்டி - இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. விஷயத்தைச் சொன்னதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதில் இருந்ததை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். ஊசியைவிட மெல்லிய எஃகுக் கம்பித் துணுக்குகள்.

"இதெல்லாம் முள்ளு இல்ல தம்பி. லாரி டயருக்குள்ள இருக்கிற கம்பி. லாரி டயர் வெடிச்சா ரோடெல்லாம் கொட்டிக் கிடக்கும். தலைமுடி மாதிரி. கண்ணுக்கே தெரியாது. அந்தம்மா வண்டியில மட்டும் இதுவரைக்கும் நாலு எடுத்திருக்கேன்."

அந்தக் கம்பித் துணுக்கைப் பார்த்தபோது எனக்கு என் தகப்பனாரின் ஞாபகம் வந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது வேளச்சேரி ஊருக்கும் நகரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டீஸ்வரர் கோயிலைச் சுற்றி வீடுகள், அப்பால் ஏரி, ஏரிக்கும் அப்பால் வயலும் புதரும். பறக்கும் ரயில் இங்கே வந்து சேர்ந்தது 2007-இல்தான். அப்பா கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அவரிடம் அம்பத்தூரில் செய்த ஒரு கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிள் இருந்தது. தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டயரை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். அம்மாவின் கொண்டை ஊசியால் கருவேல முள்ளையும் நெருஞ்சி முள்ளையும் நெம்பி எடுப்பார். எனக்கு அது ஒரு பூஜை மாதிரி தோன்றும்.

பட்டறை வாசலில் காலை எட்டு மணிக்கு மேல் பத்து நிமிஷம்தான் கணக்கு. அதற்குப் பிறகு வருகிறவர்கள் மத்தியானம்தான் உள்ளே போகலாம். அரை நாள் சம்பளம் போய்விடும். அப்படிப் பஞ்சராகித் தாமதமான நாட்களில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து, மத்தியானச் சங்கு ஊதுகிற நேரத்துக்குத் திரும்பிப் போவார். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். இதை அவர் எங்களிடம் சொன்னது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆன பிறகுதான்.

ஆகவே ஒரு சின்ன முள் என்பது சின்ன விஷயம் அன்று. அது யாரைக் குத்துகிறது என்பதைப் பொறுத்தது.

* * *

சக்கரத்துக்குள் காற்றை அடைக்கலாம் என்ற யோசனை முதலில் சைக்கிளுக்காகத் தோன்றவில்லை. குதிரை வண்டிக்காகத் தோன்றியது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845 டிசம்பரில் அதற்குப் பேட்டண்ட் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணியில் ஒரு குழாய், அதன்மேல் தோல் உறை, உள்ளே காற்று. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் வண்டிகளில் மாட்டி ஓட்டிக் காட்டினார். சத்தம் இல்லாமல், அதிர்ச்சி இல்லாமல் வண்டி போவதைக் கண்டு ஜனங்கள் வியந்தார்கள். ஒரு ஜோடிச் சக்கரம் 1,200 மைல் ஓடியும் கெடவில்லையாம். ஆனால் விலை ஏராளம். நல்ல மெல்லிய ரப்பர் கிடைப்பதும் துர்லபம். வியந்தவர்கள் வியந்ததோடு நிறுத்திக்கொண்டார்கள், வாங்கவில்லை. கடைசியில் தாம்சனே மனம் மாறி, சாலையில் ஓடும் நீராவி வண்டிகளுக்குக் கெட்டி ரப்பர்ச் சக்கரம் செய்யத் தொடங்கினார். அவருடைய அந்த நீராவி வண்டிகள் 1870-களில் பஞ்சாபின் கிராண்ட் டிரங்க் சாலை வரைக்கும் வந்து ஓடின. காற்றுச் சக்கரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நாற்பது வருஷம் கழித்து இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் அதையே மறுபடியும் கண்டுபிடித்தார். ஜான் பாய்டு டன்லப் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியர். மாடும் குதிரையும் பார்க்கிற மனிதர். அவருடைய சிறு பையன் மூன்று சக்கர சைக்கிளில் கல் பாவிய தெருவில் போகும்போது உடம்பெல்லாம் குலுங்கியது. தகப்பனுக்கு மனசு கேட்கவில்லை. 1887-இல் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைச் செய்து, ஒரு மர வட்டத்தைச் சுற்றி வைத்து, துணியால் மூடி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதற்குக் காற்று அடித்தார். பிறகு பையனுடைய சைக்கிள் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். கெட்டிச் சக்கரம் பாதி வழியில் விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து வாசற் கதவில் மோதித் திரும்பியது.

என்ன ரகசியம்? கெட்டிச் சக்கரத்தின் எதிரில் ஒரு கூழாங்கல் வந்தால், அந்தக் கல்லின்மேல் வண்டி முழுவதும் ஏறி இறங்க வேண்டும். காற்றுச் சக்கரம் அந்த இடத்தில் மட்டும் குழிந்து கொடுத்துவிட்டு மேலே போகிறது. விட்டுக்கொடுக்கிறவன் முன்னேறுகிறான். ஆனால் கல்லுக்கு விட்டுக்கொடுக்கிற அதே மென்மைதான் முள்ளுக்கும் வழிவிடுகிறது. டயரின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு சங்கடத்துக்குள் அடங்கிவிடும்.

1888-இல் டன்லப் பேட்டண்ட் வாங்கினார். 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் காற்றுச் சக்கரத்தோடு வந்தபோது, அதன் பருமனைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்களாம். அவர் ஜெயித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த வருஷமே, தாம்சன் இதை முன்பே செய்துவிட்டார் என்பது வெளிப்பட்டு, டன்லப்பின் பேட்டண்ட் செல்லாமல் போயிற்று. ஆயினும் உலகம் முழுவதும் அவர் பெயர் நிலைத்துவிட்டது; தாம்சனின் பெயரை யாரும் சொல்லுவதில்லை. சரித்திர தேவதைக்கும் ஒரு கண்தான் போலிருக்கிறது.

ஆரம்பத்தில் டயரை ரிம்மோடு கோந்து வைத்து ஒட்டிவிடுவார்கள். ஒரு பஞ்சர் என்றால், பிரித்து, ஒட்டி, மறுபடி காயவைக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் கிளெர்மோன் பெரான் நகரத்தில் ரப்பர்ப் பட்டறை வைத்திருந்த மிஷெலின் சகோதரர்களிடம் 1889-இல் ஒருவர் இப்படிப்பட்ட சைக்கிளைக் கொண்டுவந்தார். பழுது பார்க்க மூன்று மணி நேரம். காய ஒரு ராத்திரி. மறுநாள் அண்ணன் தம்பிகளில் ஒருவரான எதுவார் மிஷெலின் அதை ஓட்டிப் பார்த்தார். சில நூறு அடி போவதற்குள் திரும்பவும் காற்று இறங்கிவிட்டது. ஆத்திரப்படுவதற்குப் பதிலாக அவர் யோசித்தார். கழற்றி மாட்டக்கூடிய டயர் பிறந்தது. 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்டுக்குப் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த டயரோடு போன ஷார்ல் தெரோன் முதலாவதாக வந்தார். அதற்கடுத்த வருஷம் மிஷெலின் சகோதரர்கள் தாங்களே ஒரு பந்தயம் வைத்து, வழியில் ஆணிகளைத் தூவிவிட்டார்கள். பஞ்சர் ஆகட்டும், எவ்வளவு சுருக்காக ஒட்டலாம் என்று பாருங்கள் என்பதுதான் விளம்பரம்!

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. பஞ்சரைச் சகித்துக்கொண்டு சீக்கிரம் ஒட்டுவது ஒரு வழி. பஞ்சரே ஆகாமல் தடுப்பது இன்னொரு வழி. நம் ஊர்ப் பஞ்சர்க் கடைக்காரர்கள் முதல் வழியில் மகா நிபுணர்கள். சக்கரத்தைக் கழற்றாமலே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கிக் குமிழியைக் கண்டுபிடித்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார்கள். அதைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். ஆனால் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அந்த நிபுணருக்கு எங்கே போவது?

* * *

இரண்டாவது வழியைத் தேடியவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். காற்றே இல்லாமல் தடித்த ரப்பரில் நடுவே துவாரம் விட்டு, மெத்தைச் சக்கரம் என்று விற்றார்கள். டயருக்கும் டியூபுக்கும் இடையில் தோல் பட்டையைச் செருகினார்கள். ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் குழம்பை டியூபுக்குள் ஊற்றினார்கள். இன்றைக்குப் புதுமை என்று கடைகளில் விற்கும் சரக்குகளில் பாதிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

முதல் உலக மகாயுத்தத்தின்போது ஜெர்மனிக்கு ரப்பர் கிடைக்கவில்லை. அவர்கள் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றி இரும்புச் சுருள்வில்களை வைத்து ஓட்டினார்கள். பஞ்சர் இல்லவே இல்லை. ஆனால் ஓட்டியவர்களின் எலும்புகளைக் கேட்டால் தெரியும். 1954-இல் தியன் பியன் பூ யுத்தத்தில் வியட்நாம் மக்கள் சைக்கிளின்மேல் மூட்டை மூட்டையாகத் தானியமும் தளவாடமும் ஏற்றி, மலைப்பாதையில் தள்ளிக்கொண்டு போனார்கள். டயருக்குள் கிழிந்த கால்சட்டைத் துணியைச் சுற்றி வைத்தார்கள். நம் கடைக்காரர் கிழிந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தருகிறாரே, அதே சாஸ்திரந்தான்.

மேனாட்டில் இந்தத் தேடல் வெறும் சௌகரியத்துக்காக மட்டும் நடக்கவில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சைக்கிள்காரர்களின் பரம வைரி ஒரு செடி. அதன் முள்ளை அங்கே 'ஆட்டுத்தலை' என்கிறார்கள். படத்தைப் பார்த்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய நெருஞ்சிதான்! வள்ளுவர் காதலியின் பாதத்தை வருணிக்கக் கையில் எடுத்த அதே நெருஞ்சிப் பழம். எப்படியோ கடல் கடந்து போய் அங்கே பரவிவிட்டது. ஐடஹோ மாகாணத்துப் பாய்ஸி நகரத்தில் அந்தச் செடியைப் பிடுங்குவதற்கென்றே 2018-இல் ஒரு திருவிழா தொடங்கினார்கள். அப்பாவின் கொண்டை ஊசியை நினைத்துக்கொண்டேன்.

முள்ளைப் பற்றிச் சொல்லிவிட்டு, ரப்பரைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமாகாது. டன்லப்பின் பையனுக்குக் குலுக்கல் நின்றது. அதற்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள். 1890-களில் சைக்கிள் பைத்தியம் பரவி, அப்புறம் மோட்டார் காரும் வந்து சேர்ந்தபோது, ரப்பருக்கு உலகத்தில் அடங்காத தாகம் ஏற்பட்டது. ஆப்பிரிக்காவில் காங்கோ தேசம் முழுவதையும் பெல்ஜியம் மன்னர் லியோபோல்டு தம் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். காட்டுக் கொடியிலிருந்து குறித்த அளவு ரப்பர் கொண்டுவராத கிராமங்களை அவருடைய சிப்பாய்கள் கொளுத்தினார்கள். மனிதர்களின் கைகளை வெட்டினார்கள். பிரிட்டிஷ் தூதராக இருந்த ரோஜர் கேஸ்மெண்ட் நேரில் சென்று பார்த்து எழுதிய அறிக்கை 1904-இல் வெளியாயிற்று. உலகம் காறித் துப்பிய பிறகு, 1908-இல் காங்கோ அவர் கையை விட்டுப் போனது.

இதற்கு முன்பே 1876-இல் ஹென்ரி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேஜில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. மரம் வந்தால் போதுமா? பால் வெட்ட ஆள் வேண்டாமா? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் போனார்கள் நம்மவர்கள். கங்காணி அழைத்துப் போவான். கடன் கூடவே போகும். விடியுமுன் எழுந்து பால்மரத்தில் கீறல் போட்டு, கொட்டாங்கச்சியிலும் கிண்ணத்திலும் வடிகிற பாலைச் சேர்த்தார்கள். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரையில் இப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கானவர்கள். உலகத்து டயர்களில் தமிழனின் விடியற்காலைத் தூக்கம் கலந்திருக்கிறது என்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தை ஆகாது.

நம் ஊரில் சைக்கிள் முதலில் துரைமார் வண்டி. பிறகு குமாஸ்தா வண்டி. கடைசியில்தான் தொழிலாளி வண்டி. சீமையிலிருந்து கப்பலில் வந்த ராலே, ஹம்பர், பிலிப்ஸ் எல்லாம் கௌரவச் சின்னங்கள். 1949-இல் முருகப்பா குடும்பத்தார் பர்மிங்ஹாம் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கி, அம்பத்தூரில் 1951 முதல் சைக்கிள் செய்தார்கள். அப்பாவின் ஹெர்குலிஸ் அந்த வம்சம். அதற்கும் சற்று முன்னால், 1946-இல், திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகளுக்குப் பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பலூன் கொட்டகைதான் பிறகு எம்.ஆர்.எப். டயர்க் கம்பெனியாக வளர்ந்தது. ரப்பருக்குள் காற்றை அடைக்கிற வித்தை பலூனில் தொடங்குவதும் பொருத்தந்தானே!

பெண்கள் சைக்கிள் ஏறியது இன்னும் தாமதமாக. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் முயற்சியால் ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். எழுத்தறிவோடு சைக்கிளும் அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. 2001-க்குப் பிறகு பள்ளி மாணவியருக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் வீட்டுச் சமையல் அம்மாளின் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. தாயார் முதலில் பழகியது மகளுடைய அந்தச் சைக்கிளில்தான்.

* * *

இனி, கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

இன்றைய 'முள் தாங்கும்' டயர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில், மேல் ரப்பருக்கு அடியில் பலமான நூற்பட்டை இருக்கும். இதற்கு மூலகாரணம் ஸ்டெபனி குவாலெக் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. டூபாண்ட் கம்பெனியில் டயருக்கு வலுவூட்டும் லேசான நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, 1965-இல் ஒரு கலங்கல் திரவம் அவருக்குக் கிடைத்தது. மற்றவர்களாக இருந்தால் கீழே கொட்டியிருப்பார்கள். அவர் அதை நூலாக இழுத்துப் பார்த்தார். அதுவே கெவ்லார். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் சட்டை அதில்தான் செய்கிறார்கள். கண்ணாடிச் சில்லு வந்து வெட்டினால் அந்தப் பட்டை தடுக்கும். ஆனால் தலைமுடி போன்ற கம்பி, நூலுக்கும் நூலுக்கும் இடையே நுழைந்துவிடலாம்.

இரண்டாவது ஜாதியில் நூலின் வலிமையை நம்பாமல் தூரத்தை நம்புகிறார்கள். ஷ்வால்பே என்ற ஜெர்மன் கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயரில் மேல் ரப்பருக்கு அடியில் ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்கு மெத்தென்ற ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கிறது. படம் மாட்டுகிற குத்தூசி முழுவதும் இறங்கினாலும் அதன் முனை டியூபைத் தொடாது. மற்றக் கம்பெனிகளும் இப்படித் தடித்த அடுக்கு வைத்துச் செய்கின்றன. குறை இல்லையா? உண்டு. விலை பல மடங்கு, கனம் அதிகம், மிதிக்கும்போது கொஞ்சம் இழுக்கும். வெறும் சைக்கிளில் அந்தப் பாரம் முழங்காலின் தலையில் விழும். மின்சார சைக்கிளில் மோட்டார் அதை ஏற்றுக்கொள்ளும். பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

காற்றே இல்லாத கெட்டி டயரும் கிடைக்கிறது. 2016-இல் ஷாங்காய் நகரத்தில் வாடகை சைக்கிள் விட்ட மோபைக் கம்பெனி அதைத்தான் போட்டது. கம்பெனிக்கு ரிப்பேர்ச் செலவு மிச்சம்; குலுக்கலும் கனமும் வாடகைக்கு எடுத்தவர் பாடு. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. முள்ளினால் வருகிற நஷ்டம் மாயமாய் மறைந்து போவதில்லை. ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறுகிறது. எந்த டயர் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், பஞ்சரானால் யாருக்கு நஷ்டம் என்று கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையைச் சுற்றிவரும் என்னைப் போன்றவனுக்குச் சாதாரண டயரே போதும். பஞ்சரானால் பெரியவரிடம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம். விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர் போகிறவருக்கு அது போதாது. மின்சார சைக்கிளின் கனம் இருபது கிலோவுக்கு மேல். அம்மாளின் வண்டியில் மோட்டாரும் பின் சக்கரத்தின் நடுவில். ஆட்பாரமும் பெரும்பாலும் பின்னால்தான். பஞ்சர் ஒட்டுவது கஷ்டமில்லை. ஆனால் டியூபே மாற்ற வேண்டி வந்தால், மோட்டார் ஒயரைப் பிரித்து, பெரிய நட்டுகளைக் கழற்றி, ஒரு மணி நேர வேலை. ஆகவே காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறதென்றால், தடித்த அடுக்கு உள்ளதைப் பின் சக்கரத்துக்கு வாங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 47-559 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் அச்சாக ஒத்துப்போக வேண்டும். குழம்பு ஊற்றுவது அவசரத்துக்கு உதவும். ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் உலர்ந்துவிடும்.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. வாரத்துக்கு ஒரு தடவை காத்து பாக்கச் சொல்லுங்க. காத்து கம்மியா இருந்தா எந்த டயரும் நிக்காது. பள்ளத்துல விழுந்தா ரிம்மு டியூபைக் கடிச்சிடும், பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை. அப்புறம், ராத்திரியில டயரைத் துடைச்சுப் பாக்கச் சொல்லுங்க. குத்தினதும் கம்பி உள்ள போயிடாது. ரெண்டு மூணு நாள் மெதுவாத்தான் இறங்கும்."

நூற்றெழுபத்தைந்து வருஷத்துச் சரித்திரத்தையும் படித்துவிட்டு, கடைசியில் அப்பாவின் அரிக்கேன் விளக்கடியில் வந்து நின்றேன்.

* * *

என் ஆராய்ச்சி முடிவைப் பெருமையோடு அந்த அம்மாளிடம் சொன்னேன். விலையைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அதனால் என்ன அம்மா? அதை நாங்களே வாங்கித் தருகிறோம்" என்றேன். சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் தர்மப்பிரபுவின் சாயல் இருந்திருக்க வேண்டும்.

அவர் சற்று நேரம் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வேணாம் சார். போன மாசமும் அதுக்கு முந்தின மாசமும் லேட்டா வந்ததுக்குப் பிடிச்சீங்களே, அதைக் குடுத்துட்டீங்கன்னா போதும். கூடக் கொஞ்சம் போட்டு டயரை நானே வாங்கிக்குவேன்."

எனக்கு நெஞ்சில் குத்தியது. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தாமதமாக வந்த தேதிகளுக்கு எதிரே அரை நாள், அரை நாள் என்று குறித்து, மாதக் கடைசியில் கழிப்பது வழக்கம். என் மனைவி அதை வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். "கணக்கு என்றால் கணக்குத்தான்" என்று அந்த நோட்டைத் தொடங்கி வைத்தவன் நான். அதில் இருந்த எழுத்தும் என் எழுத்துத்தான். காங்கோவின் அக்கிரமத்துக்குப் பெருமூச்சு விட்டுவிட்டு, மலாயாவின் பால்மரக் காட்டுக்குக் கண்ணீர் விட்டுவிட்டு, அப்பாவின் ஏரிக்கரை மரத்தடிக்கு ஏங்கிவிட்டு வந்தவன், என் அலமாரியைத் திறந்து பார்க்க மறந்துவிட்டேன். பட்டறை வாசற் கதவை அப்பாவின் முகத்தில் சாத்தினவர்கள் யாரோ என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணி வாங்கிக்கொண்டார். மறுவாரம் பெரியவர் கடையில் புது டயர் ஏறியது. மோட்டார் ஒயரைப் பிரித்துக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேள்வி.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. பின் சக்கரம் இதுவரை பஞ்சராகவில்லை. முன் சக்கரம் மட்டும் போன வாரம் ஒரு நாள் காற்று இறங்கிவிட்டது. அன்றைக்கு அவர் ஏழு மணிக்குத்தான் வந்தார். காப்பியை நானே போட்டு வைத்திருந்தேன். நன்றாக இல்லை என்று அவர் சொன்னார். அலமாரியில் இருந்த அந்த நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்.